காலநிலை மாற்றத்தை மறுக்கும் ‘விஞ்ஞானிகள்’: அவர்களுடைய தகுதியைக் கேட்பது முறையா?

கேள்வி கேட்டவர்: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம்.

புவி வெப்பமாதல் ஒரு கட்டுக்கதை என்று வாதிடும் பதிவுகள் அண்மைக் காலமாகத் தமிழிலும் நிறையப் பரவுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தரவுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ‘நோபல் பரிசு பெற்ற இருவர் உட்பட 1,600-க்கும் மேற்பட்டோர் காலநிலை நெருக்கடி எதுவும் இல்லை என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள்’, ‘31,000 அமெரிக்க விஞ்ஞானிகள் மறுத்துவிட்டார்கள்’, ‘பிரிட்டிஷ் பிரபு ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே சாட்சியம் அளித்தார்’ என்று ஆட்களைத்தான் அவை சாட்சிக்கு அழைக்கின்றன.

எங்கள் உறவினர் குழுவில் என் சித்தப்பா இதே பட்டியலைப் பகிர்ந்திருந்தார். அவர் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எளிதில் நம்பிவிடுபவர் அல்லர். ‘இவர்களில் எத்தனை பேர் வளிமண்டலத்தை ஆராய்ந்தவர்கள், சித்தப்பா?’ என்று கேட்டேன். ‘கருத்துக்குப் பதில் சொல்ல வழியில்லாதவர்கள்தாம் ஆளின் யோக்கியதையைக் கேட்பார்கள்’ என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

இப்படி ஒருவருடைய தகுதியைக் கேள்வி கேட்பது முறையான வாதமா, அல்லது தனிமனிதத் தாக்குதலா? முறையானது என்றால், உண்மையிலேயே இந்தத் துறையில் பணியாற்றிக்கொண்டே மாறுபட்ட கருத்துச் சொல்பவர்களை எப்படி எடுத்துக்கொள்வது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

——

பதில்: செங்குன்றூர்

ஒருவர் ஒரு கணக்கீட்டை முன்வைத்தால் அந்தக் கணக்கீட்டைத்தான் பார்க்க வேண்டும்; அவர் எந்தக் கல்லூரியில் என்ன படித்தார் என்பது அங்கே வேண்டாத விசாரணை. ஆனால் ‘இத்தனை விஞ்ஞானிகள் சொல்கிறார்கள், ஆகவே நம்புங்கள்’ என்று சொல்லும்போது, முன்வைக்கப்படும் ஒரே சான்று அந்த ஆட்களின் தகுதிதான். சாட்சியைக் கூண்டில் ஏற்றியவரே குறுக்கு விசாரணை கூடாது என்று சொல்ல முடியாது. உங்கள் சித்தப்பாவின் வாதம் முதல் வகைக்குப் பொருந்தும். அவர் பகிர்ந்த பட்டியலோ இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அந்த 31,000 பேர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரிகன் மாநிலத்தில் ஆர்த்தர் ராபின்சன் என்ற வேதியியலாளர் நடத்திவந்த ஒரு சிறு நிறுவனம் 1998-இல் இந்த விண்ணப்பத்தை அமெரிக்கா முழுவதும் அஞ்சலில் அனுப்பியது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் முன்னாள் தலைவர் ஃபிரெடரிக் சைட்ஸின் கடிதம் ஒன்று அதனுடன் இருந்தது. ஒரு கட்டுரையும் இருந்தது. எழுத்துரு, பத்தி அமைப்பு எல்லாம் அந்தக் கழகத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரையைப் போலவே அமைக்கப்பட்டிருந்தன, ஆனால் அது எந்த ஆய்விதழிலும் அப்போது வெளியாகியிருக்கவில்லை. கழகத்தின் முன்னாள் தலைவருடைய கடிதத்தையும் கழக இதழைப் போன்ற கட்டுரையையும் ஒரே உறையில் பெறுபவர் என்ன நினைப்பார்? குழப்பம் பெரிதாகவே, விண்ணப்பத்துக்கும் தனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றும், அது தன் வல்லுநர் குழுக்களின் முடிவுகளைப் பிரதிபலிக்கவில்லை என்றும் கழகமே 1998 ஏப்ரலில் அறிக்கை வெளியிட நேர்ந்தது.

கையெழுத்திடத் தேவைப்பட்ட தகுதி, அறிவியல் சார்ந்த ஓர் இளநிலைப் பட்டம். விண்ணப்பத்தை நடத்தியவர்கள் தாங்களே வெளியிட்ட கணக்கின்படி மொத்தம் 31,487 பேர். அவர்களில் 10,000-க்கும் மேற்பட்டோர் பொறியியல் துறையினர். 3,000-க்கும் மேற்பட்டோர் மருத்துவத் துறையினர். காலநிலையியல் என்ற தலைப்பின் கீழ் அவர்களே காட்டிய எண்ணிக்கை 39. இந்த 39-ஐச் சொல்லி யாரும் பட்டியலைப் பரப்புவதில்லை. முழு எண்ணிக்கையைச் சொல்பவரிடம் உள் எண்ணிக்கையைக் கேட்பது எப்படித் தாக்குதலாகும்?

——

பதில்: நெய்தல்

செங்குன்றூர் ஐயா சொன்னதோடு, சாட்சியம் அளித்த அந்தப் பிரபுவைப் பற்றியும் சேர்த்துக்கொள்கிறேன். அவர் கிறிஸ்டோபர் மாங்க்டன். கேம்பிரிட்ஜில் கிரேக்க, லத்தீன் செவ்விலக்கியம் படித்துப் பின்னர் இதழியலில் பட்டயம் பெற்றவர். மார்கரெட் தாட்சரின் கொள்கைக் குழுவில் பணியாற்றியவர். 2010 மே மாதம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்றின் முன் குடியரசுக் கட்சியினரின் அழைப்பில் சாட்சியம் அளித்தார். செவ்விலக்கியம் படித்தவர் காலநிலையைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் தம்முடைய தகுதியாக எதைச் சொல்லிக்கொண்டார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பிரிட்டிஷ் மேலவையில் தாமும் உறுப்பினர் என்று அவர் திரும்பத் திரும்பக் கூறிவந்தார். 1999-ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களுக்கு மேலவையில் தாமாகவே கிடைத்துவந்த இடத்தை நீக்கிவிட்டது; அவருக்குப் பட்டம் வந்ததோ தந்தையின் மறைவுக்குப் பிறகு 2006-இல். கடைசியில் 2011 ஜூலையில் நாடாளுமன்றச் செயலர் டேவிட் பீமிஷ், ‘நீங்கள் மேலவையின் உறுப்பினர் அல்லர், ஒருபோதும் உறுப்பினராக இருந்ததும் இல்லை’ என்று குறிப்பிட்டு, அவ்வாறு கூறிக்கொள்வதை நிறுத்தும்படி எழுதிய கடிதத்தை நாடாளுமன்ற இணையதளத்திலேயே வெளியிட்டார். தன் இருக்கையைப் பற்றியே இப்படிச் சொல்பவர் வெப்பநிலை வரைபடத்தைக் காட்டும்போது, நான் அதை ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்ப்பேன்.

நோபல் பரிசு பெற்றவர்களின் கதை வேறு. ஐவார் கீவர், ஜான் கிளாசர் இருவருடைய அறிவியல் சாதனையும் உண்மையானது. கீவர் மீகடத்திகளில் எலக்ட்ரான் ஊடுருவல் பற்றிய ஆய்வுக்காக 1973-இலும், கிளாசர் குவாண்டம் பின்னல் பற்றிய சோதனைகளுக்காக 2022-இலும் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். ஆனால் 2012-இல் ஜெர்மனியின் லிண்டாவ் நகரில் நடந்த நோபல் அறிஞர்கள் கூட்டத்தில் கீவர் தாமே ஒன்றைச் சொன்னார். தமக்கு இந்தப் பொருளில் பெரிய ஈடுபாடு இல்லை என்றும், 2008-இல் ஒரு கலந்துரையாடலுக்காக ஒரு நாளோ அரை நாளோ கூகுளில் தேடிப் படித்ததாகவும், படித்தது தம்மைத் திடுக்கிட வைத்ததாகவும் கூறினார். அந்த உரையின் காணொளி இன்றும் கிடைக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, அதே லிண்டாவ் கூட்டத்தின் நிறைவில், காலநிலை மாற்றத்தின் மீது நடவடிக்கை கோரும் மைனாவ் அறிக்கையில் 36 நோபல் அறிஞர்கள் கையெழுத்திட்டார்கள். பின்னர் அந்த எண்ணிக்கை 76 ஆனது. அவர்களிலும் பெரும்பாலோர் வேறு துறையினர்தாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே நோபல் பரிசு என்ற ஒன்றை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் வாதிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

——

பதில்: கல்மண்டபம்

இந்த இழையில் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். புவி வெப்பமாவதை நான் ஐயுறவில்லை. ஆனால் தகுதியைக் கேட்கும் ஆயுதம் இருபுறமும் வெட்டும் என்பதை நண்பர்கள் மறந்துவிடக் கூடாது.

கரியமில வாயுவால் பூமி ஏற்கெனவே வெப்பமாகி வருகிறது என்று 1938-இல் முதன்முதலாக அளவீடுகளோடு காட்டியவர் கை காலண்டர். அவர் வானிலையியலாளர் அல்லர், நீராவிப் பொறியாளர். உலகெங்கும் உள்ள நிலையங்களின் பதிவுகளைத் தம் சொந்த முயற்சியில் திரட்டி, கையாலேயே கணக்கிட்டு, முந்தைய ஐம்பது ஆண்டுகளில் நிலப்பரப்பின் வெப்பநிலை ஏறக்குறைய 0.3 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருப்பதாக லண்டனில் அரச வானிலையியல் சங்கத்தின் முன் அவர் வாசித்தபோது, பிரிட்டனின் வானிலைத் துறைத் தலைவராக இருந்த ஜார்ஜ் சிம்சன், துறைக்கு வெளியிலிருந்து வருபவர்கள் வளிமண்டலத்தின் சிக்கல்களைப் போதிய அளவு உணர்வதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். தகுதியை மட்டும் பார்த்திருந்தால் அன்று சிம்சன் பக்கம்தான் நாம் நின்றிருப்போம். காலண்டரின் கணக்கு இன்றைய தரவுகளோடு ஒப்பிட்டாலும் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கனடாவின் ஸ்டீவ் மக்கின்டயர் சுரங்கத் தொழிலிலிருந்து வந்தவர். 2007-இல் நாசாவின் அமெரிக்க வெப்பநிலைப் பதிவில், 2000-க்குப் பிறகான தரவை இணைத்த விதத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். நாசா அதை ஏற்றுத் திருத்தியது. உலகச் சராசரியில் அதனால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் பிழை பிழைதான், கண்டவர் அவர்தான்.

நம் நாட்டில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். காலநிலை அறிவியலை மதிப்பிடும் ஐ.நா.வின் பன்னாட்டுக் குழுவான ஐ.பி.சி.சி.யின் தலைவராக 2002 முதல் 2015 வரை இருந்த ராஜேந்திர பச்சௌரி தொழிற்பொறியியலிலும் பொருளாதாரத்திலும் முனைவர் பட்டம் பெற்றவர். வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலையில் பணியைத் தொடங்கியவர். இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று அந்தக் குழுவின் 2007 அறிக்கையில் ஒரு வாக்கியம் இடம்பெற்றிருந்தது. 2009-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஓய்வுபெற்ற மூத்த அதிகாரி வி.கே. ரெய்னா, பனியாறுகள் அத்தனை வேகமாகக் குறைவதற்குச் சான்று இல்லை என்ற பொருளில் அறிக்கை அளித்தார். பச்சௌரி அதைக் கடுமையான சொற்களில் புறந்தள்ளினார். 2010 ஜனவரியில் அந்த வாக்கியத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஐ.பி.சி.சி. ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பெரிய பதவி, சிறிய பதவி என்று பார்த்திருந்தால் ரெய்னாவின் குரலுக்கு அன்று மதிப்பே கிடைத்திருக்காது. எனவே நாம் பயன்படுத்தும் அளவுகோல் எதுவானாலும் இரு பக்கத்துக்கும் அதுவே இருக்க வேண்டும்.

——

பதில்: அளவீடு

கல்மண்டபம் அவர்கள் சொன்ன நிகழ்ச்சிகளை நான் மறுக்கவில்லை. அவை வேறொன்றையும் காட்டுகின்றன என்று நினைக்கிறேன். காலண்டர் 147 நிலையங்களின் தரவைத் திரட்டி ஆய்விதழில் வெளியிட்டு, எதிர்ப்பவர்களின் முன்னால் நின்று பதில் சொன்னார். மக்கின்டயர் எந்தத் தரவில் எந்த இடத்தில் பிழை என்று சுட்டினார். ரெய்னா பனியாறுகளில் ஏறி அளந்தவர். 2035 என்ற ஆண்டு எங்கிருந்து வந்தது என்று தேடி மூலத்தைக் காட்டியவர்களில் கனடாவின் கிரஹாம் காக்லி பனியாற்றியலாளர். அதாவது, துறை வல்லுநர்களே தங்கள் பக்கத்து அறிக்கையின் பிழையை வெளிக்கொண்டு வந்தார்கள். பட்டச் சான்றிதழ் ஒருவருடைய வேலையைப் பற்றிய ஒரு முன்குறிப்பு மட்டுமே. அந்த வேலையை அவர் செய்தாரா, பிறர் சோதிக்கும்படி வெளியிட்டாரா, சோதனையில் அது நின்றதா என்பவைதாம் உண்மையான தகுதி.

நம்மவர் ஒருவரை இங்கே நினைவுகூரலாம். வீரபத்ரன் ராமநாதன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தில், குளிரூட்டி வாயு ஏன் கசிகிறது என்று பார்க்கும் வேலையில் இருந்தவர். பின்னர் அமெரிக்கா சென்று, அதே வகையைச் சேர்ந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் கரியமில வாயுவைப் போலவே வெப்பத்தைச் சிறைப்பிடிக்கின்றன, மூலக்கூறுக்கு மூலக்கூறு அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வலுவாக, என்று 1975-இல் காட்டினார். பொறியாளர் என்பதால் யாரும் அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. எனவே பொறியாளர்களை இதில் பேசவிட மாட்டார்கள் என்று உங்கள் சித்தப்பா எண்ணத் தேவையில்லை.

இனி வைகைக்கரையின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். அலபாமா பல்கலைக்கழகத்தின் ஹன்ட்ஸ்வில் வளாகத்தைச் சேர்ந்த ஜான் கிறிஸ்டியும் ராய் ஸ்பென்சரும் மாங்க்டனைப் போன்றவர்கள் அல்லர். முறையாக வளிமண்டலவியல் பயின்றவர்கள். செயற்கைக்கோள் தரவிலிருந்து வளிமண்டல வெப்பநிலையைக் கணக்கிடும் முறையை 1990-இல் உருவாக்கிக் காட்டியவர்கள். வெப்பநிலைமானியைச் செயற்கைக்கோளில் கட்டி அனுப்ப முடியாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் தங்கள் வெப்பநிலைக்கு ஏற்ப நுண்ணலைகளை வெளியிடுகின்றன. செயற்கைக்கோள் அந்த நுண்ணலைகளின் வலிமையை அளக்கிறது, அதிலிருந்து வெப்பநிலையைக் கணித்தெடுக்க வேண்டும். இது ஒரு நல்ல கண்டுபிடிப்பு, இதற்காக அவர்கள் பாராட்டப்பட்டதும் முறையே.

அவர்களுடைய தொடக்கக் கணக்கில் வெப்பமாதல் ஏறக்குறைய இல்லை என்றே வந்தது. தொண்ணூறுகள் முழுவதும், தரைநிலையங்கள் காட்டும் உயர்வு பொய் என்பதற்கு இதுவே சான்றாகக் காட்டப்பட்டது. காலநிலை ஆய்வாளர்கள் இதற்கு அவர்களுடைய பட்டங்களைக் கேட்டுப் பதில் சொல்லவில்லை, கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். 1998-இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஃபிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபெலும் ஒன்றைக் காட்டினார்கள். மிக மெல்லிய மேல்வளியின் உராய்வால் செயற்கைக்கோள்கள் சிறிது சிறிதாகத் தாழ்ந்து வருகின்றன, அதைக் கணக்கில் சேர்க்காததால் இல்லாத ஒரு குளிர்ச்சி தரவில் புகுந்துவிட்டது. 2005-இல் கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும் இன்னொன்றைக் காட்டினார்கள். செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் ஆண்டுக்காண்டு நகர்கிறது. பிற்பகலில் அளக்கத் தொடங்கிய கோள் சில ஆண்டுகளில் மாலையை நோக்கிப் போய்விடுகிறது. பகல் இரவு வெப்ப வேறுபாட்டை நீக்க அதற்கு ஒரு திருத்தம் செய்ய வேண்டும். ஹன்ட்ஸ்வில் குழுவும் திருத்தம் செய்திருந்தது, ஆனால் வெப்ப மண்டலப் பகுதியில் அதன் குறி தலைகீழாக இருந்தது. கூட்ட வேண்டியதைக் கழித்திருந்தார்கள். கிறிஸ்டியும் ஸ்பென்சரும் பிழையை ஏற்றுத் திருத்தினார்கள். பத்தாண்டுக்கு ஏறக்குறைய 0.09 டிகிரியாக இருந்த அவர்களுடைய உயர்வு 0.12 ஆனது. இன்று அவர்களுடைய சொந்தப் பதிவே பூமி வெப்பமாவதைத்தான் காட்டுகிறது, மற்றவர்களின் பதிவுகளைவிடச் சற்றுக் குறைவாக.

அவர்கள் இன்னும் ஐயவாதிகளாகவே இருக்கிறார்கள். எதிர்கால வெப்பமாதல் மிதமாக இருக்கும் என்கிறார்கள். தரவை வெளியிட்டுப் பிழையைத் திருத்திக்கொள்ளும்வரை அது அவர்களுடைய உரிமை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த வளிமண்டல ஆய்வாளர் ரிச்சர்ட் லிண்ட்சனும் இதே வகையினர். 2001 ஐ.பி.சி.சி. அறிக்கையின் ஓர் அத்தியாயத்துக்கு முதன்மை ஆசிரியர்களில் ஒருவராக இருந்தவர் அவர். வெப்பம் கூடினால் வெப்ப மண்டலத்தின் மேல்மேகங்கள் கண்ணின் கருவிழியைப் போல் சுருங்கி வெப்பத்தை வெளியேற்றிவிடும் என்று அதே ஆண்டில் ஒரு கருதுகோளை வெளியிட்டார். அது சோதிக்கப்படக்கூடிய கருத்து என்பதால்தான் பல குழுக்கள் அதைச் சோதித்தன. வெப்பமாதலையே பெருமளவு ஈடுசெய்யும் என்று அவர் எதிர்பார்த்த அளவுக்குச் சான்று கிடைக்கவில்லை. இவர்களைப் பற்றிப் பேசும்போது ‘தகுதியில்லாதவர்’ என்று சொல்வது பொய். ‘தகுதியுள்ளவர் முன்வைத்த கருத்து, சோதனையில் நிற்கவில்லை’ என்பதே உண்மை.

——

வைகைக்கரை

அளவீடு அவர்களுக்கு மிக்க நன்றி. அந்தச் செயற்கைக்கோள் விவரத்தைச் சித்தப்பாவுக்கு அப்படியே அனுப்புகிறேன். அளவைக் கருவிகளோடு பழகியவர் என்பதால் குறி தலைகீழான அந்தத் திருத்தம் அவருக்கு உடனே விளங்கும். இன்னும் ஒன்று மட்டும் கேட்க விரும்புகிறேன். எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களிடமிருந்து பணம் பெற்ற ஆய்வு என்றால் அதைப் படிக்காமலே தள்ளிவிடலாமா?

——

பதில்: செங்குன்றூர்

படிக்காமல் தள்ளக் கூடாது, ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்பது படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வில்லி சூன் ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் பணியாற்றியவர். அவருடைய முனைவர் பட்டம் விமானப் பொறியியலில். பூமியின் வெப்பமாதலுக்குச் சூரியனே முதன்மைக் காரணம் என்று எழுதிவந்தவர். சுமார் பத்தாண்டுகளில் புதைபடிவ எரிபொருள் தரப்பினரிடமிருந்து 12 லட்சம் டாலருக்கு மேல் அவருடைய ஆய்வுக்கு வந்திருந்ததும், பல கட்டுரைகளில் அது குறிப்பிடப்படவில்லை என்பதும் 2015-இல் வெளியான ஆவணங்களில் தெரியவந்தது. நிதி தம் முடிவுகளை மாற்றவில்லை என்று அவர் கூறினார். அதை ஏற்பதும் ஏற்காததும் படிப்பவரின் உரிமை. மறைத்தது அந்த உரிமையைப் பறித்தது. அவருடைய ஆய்வின் குறை பணம் பற்றிய செய்திக்கு முன்பே, 2003-இல், தெரிந்துவிட்டது. சாலி பாலியுனாசுடன் சேர்ந்து அவர் எழுதிய ஒரு கட்டுரை உரிய பரிசீலனையின்றி வெளியானதாக எழுந்த எதிர்ப்பில், அந்த ஆய்விதழின் தலைமைப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டிருந்த ஹான்ஸ் வான் ஸ்டார்ச் உள்ளிட்ட பதிப்பாசிரியர்கள் பதவி விலகினார்கள்.

முன்பு நான் குறிப்பிட்ட சைட்ஸின் கதை எனக்கு இதைவிட வருத்தம் தருவது. திண்மநிலை இயற்பியலில் அவருடைய பெயரைச் சொல்லாமல் பாடம் நடத்த முடியாது. அப்படிப்பட்டவர் 1979 முதல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் நிறுவனத்தின் ஆலோசகராக, அந்த நிறுவனம் மருத்துவ ஆய்வுக்கு ஒதுக்கிய 4.5 கோடி டாலர் திட்டத்தை மேற்பார்வையிட்டார். அந்த நிறுவனம் அவருடைய பெயருக்குத்தான் பணம் கொடுத்தது. பின்னர் ஆரிகன் விண்ணப்பத்தோடு போனதும் அதே பெயர்தான்.

——

பதில்: அளவீடு

பணம் பற்றிய கேள்விக்கு எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பெர்க்லியின் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் தரைநிலைய வெப்பநிலைப் பதிவுகளை வெளிப்படையாக ஐயுற்றவர். நகரங்கள் சூடாவதால் பதிவு உயர்ந்து தெரிகிறதோ, நிலையங்களைத் தேர்ந்தெடுத்ததில் சாய்வு இருக்கிறதோ என்ற கேள்விகளோடு ஒரு குழுவை அமைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிட்டார். அதற்கு நிதி அளித்தவற்றுள் எண்ணெய்த் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று. அது 1,50,000 டாலர் கொடுத்தது, முல்லர் அதை மறைக்கவில்லை. வரப்போகும் முடிவு தம் கருத்துக்கு எதிராக இருந்தாலும் ஏற்கத் தயார் என்று, ஐயவாதிகளிடையே பெயர்பெற்ற வலைப்பதிவர் ஆன்டனி வாட்ஸ் 2011 மார்ச்சில் எழுதினார்.

முடிவு வந்தது. 250 ஆண்டுகளில் நிலப்பரப்பின் வெப்பநிலை ஏறக்குறைய 1.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது; அந்த உயர்வு கிட்டத்தட்ட முழுவதும் மனிதர்களால் ஏற்பட்டது என்று 2012-இல் முல்லர் எழுதினார். வாட்ஸ் ஏற்கவில்லை. முல்லர் குழுவின் தரவுகளும் கணக்கிடும் நிரல்களும் பெர்க்லி எர்த் தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கின்றன. சித்தப்பாவுக்கு நேரமும் ஆர்வமும் இருந்தால், பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, அவரே அந்தத் தரவைத் திறந்து பார்க்கலாம். எங்காவது கணக்கு இடித்தால் இந்த இழையிலேயே எழுதச் சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.